மங்கிய வெளிச்சம், இயல்பான முகம்: சட்டைப்பை கேமரா வாங்குவதற்கு முன்

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அவர் படங்கள் மொத்தம் மூன்று. ஒன்று அடையாள அட்டைக்கு எடுத்தது. இன்னொன்று அத்தை கல்யாண மேடையில். மூன்றாவது ஒரு தீபாவளி மதியம், லயத்து வாசலில். மூன்றிலும் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, யாரோ அதட்டி நிற்க வைத்ததுபோல் நிற்கிறார். விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடிய பெண்ணும், இரவில் அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடி கதை சொல்லிச் சிரித்த பெண்ணும் அந்தப் படங்களில் இல்லை.

வீட்டில் கேமரா இல்லாதது ஒரு காரணம். வெளிச்சம் இல்லாதது இன்னொரு காரணம். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறுவதற்கு முன்புதான்; அந்தக் குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். அதனால் சீவுகிறவர்களின் நாள் இருட்டில் தொடங்கும். தோட்டத்துக் கோவில் திருவிழா, கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, இழவு வீட்டில் விடிய விடியக் கண்விழிப்பு, தைப்பூசத்துக்கு முன்பு தலைநகர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தில் இருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதம் என்று நம்மவர்கள் ஒன்றுகூடியதெல்லாம் பெரும்பாலும் இரவில்தான். சூரியன் இருந்த நேரத்தில் அவர்கள் வேலையில் இருந்தார்கள். அந்தக் காலத்து மலிவான கேமராவுக்கோ வெயில் வேண்டும், இல்லாவிட்டால் ஃபிளாஷ் வேண்டும். அதனால் வெயிலில் வந்து நின்றவர்களின் படம் மட்டும் மிஞ்சியது.

இன்று அந்தக் கட்டாயம் இல்லை. சட்டைப்பையில் அடங்கும் கேமராக்கள் சில, ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், சத்தம் இல்லாமல், அசையும் முகத்தைப் பிடித்துவிடும். ஆனால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் கேமராக்களில் பல அதைச் செய்யாது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரியாமல் காசைக் கரைத்தவர்களில் நானும் ஒருவர்.

கல்யாணப் படக்காரர்கள் இந்த வகைப் படங்களைக் ‘கேண்டிட்’ என்கிறார்கள். தமிழில் இயல்புப் படம் எனலாம். பாட்டி அதைத் ‘தெரியாம எடுத்த படம்’ என்பார். அதுவே எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

கைப்பேசி போதாதா?

பலருக்குப் போதும். விலை உயர்ந்த கைப்பேசிகளின் இரவுப் படங்கள் இன்று வியக்க வைக்கின்றன. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே காலை வாரிவிடும் என்பதும் தெரிந்துவிடும். இரவு முறையில் கைப்பேசி ஒரு படம் எடுப்பதில்லை. ஒரு வினாடியோ, இரண்டு மூன்று வினாடிகளோ பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கிறது. கோபுரம் அசையாது, அதனால் கோபுரம் அழகாக வரும். சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பும் தாத்தா அசைவார். அவர் முகம் பூசி மெழுகியதுபோல் வந்துவிடும்.

இரண்டாவது குறை நம் நிறத்தைப் பற்றியது. சில கைப்பேசிகள் கேட்காமலேயே தோலை வழவழப்பாக்கி வெளுக்க வைக்கின்றன. எழுபது வயதுக் கன்னத்துச் சுருக்கங்கள் காணாமல் போகின்றன, கறுத்த முகம் சாம்பல் நிறமாகிறது. ‘பியூட்டி’ என்ற பெயரில் இருக்கும் அமைப்பை அணைத்தால் ஓரளவு குறையும்.

மூன்றாவது குறை கைப்பேசியுடையது அல்ல, அதைப் பார்ப்பவர்களுடையது. கைப்பேசியை முகத்துக்கு நேரே உயர்த்தினால் போதும், கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். பிள்ளைகள் இரண்டு விரலைக் காட்டுவார்கள். இடுப்பளவில் பிடித்த சிறு கேமராவை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நான் ஏமாந்த கதை

முதல் கேமராவை ஒரு பேரங்காடிக் கடையில் வாங்கினேன். 20 மெகாபிக்சல், 30 மடங்கு ஸூம், கையடக்கம். கடை வாசலில் எடுத்துப் பார்த்த படம் பளிச்சென்று இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பாட்டியின் தோட்டத்தில் பூமிதித் திருவிழா. கயிற்றுக்குப் பின்னால் நின்று ஸூம் செய்து எடுத்த முகங்கள் எல்லாம் உருகிய மெழுகாக வந்திருந்தன. வேறு வழியில்லாமல் ஃபிளாஷைத் திறந்து, கோவில் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு பேசிக்கொண்டிருந்த எங்கள் பாட்டியை எடுத்தேன். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். “ஏம்மா, கண்ணு கூசுது. சொல்லிட்டு எடுக்கக் கூடாதா? சேலைய சரி பண்ணியிருப்பேன்ல?” பேச்சு நின்றது. இருவரும் எழுந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஆல்பத்தில் இருப்பது போன்றே இன்னொரு படம்.

அந்தக் கேமரா பழுதானது அல்ல. நான் பார்த்து வாங்கிய எண்கள்தான் தவறு. மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதைச் சொல்லும், எவ்வளவு வெளிச்சம் உள்ளே போனது என்பதைச் சொல்லாது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் கழுவித் தரும் 4ஆர் அளவுப் படத்துக்கு ஏறக்குறைய 2 மெகாபிக்சலே போதும். ஸூமோ, நீட்ட நீட்டப் பெரும்பாலான கேமராக்களில் வெளிச்சத்தைக் குறைக்கிறது.

இருட்டுக்குப் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று, சென்சாரின் பரப்பு. சென்சார் என்பது மழைநீர் பிடிக்க முற்றத்தில் வைக்கும் பாத்திரம் மாதிரி. வாய் அகன்றால் தண்ணீர் கூடும். மற்றது, லென்ஸ் வாயின் அளவைச் சொல்லும் எஃப் எண். இது தலைகீழ்க் கணக்கு: எஃப் எண் சிறியதானால் வாய் பெரியது. எஃப் 2.8 உள்ளே விடும் வெளிச்சத்தில் கால் பங்கைத்தான் எஃப் 5.6 விடும்.

கடைக்காரரிடம் வாதாடாமல் இரு கேமராக்களை ஒப்பிட எனக்கு உதவும் கணக்கு இது. சென்சாரின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். எஃப் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வருவதால் பரப்பை வகுத்துவிடுங்கள். கிடைக்கும் விடை பெரிதாக இருந்தால் இருட்டில் அந்தக் கேமரா பலசாலி.

நான் ஏமாந்த கேமராவின் சென்சார் 28 சதுர மில்லிமீட்டர், லென்ஸ் எஃப் 3.3. விடை 2.6. ஸூமை முழுக்க நீட்டினால் எஃப் 6.4 ஆகி, விடை 0.7 ஆகிவிடும். ‘ஒரு அங்குலம்’ என்று பெயர் பெற்ற சென்சார் 116 சதுர மில்லிமீட்டர் (பெயரில்தான் அங்குலம்; உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்). அதற்கு முன்னால் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் விடை 36. ஏபிஎஸ்-சி என்ற பெரிய சென்சார் ஏறக்குறைய 366 சதுர மில்லிமீட்டர், எஃப் 2.8 லென்ஸோடு விடை 47. விலை உயர்ந்த கைப்பேசியின் முதன்மை கேமரா, சுமார் 70 சதுர மில்லிமீட்டர் சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் இருந்தால், 22ஐ எட்டும். அதாவது நான் கடையில் காசு கொடுத்து வாங்கியது கையில் இருந்த கைப்பேசியைவிடப் பலவீனமான ஒன்று.

இந்தத் தேடல் புதிதல்ல. 1920களில் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்ற சிறு கேமரா எஃப் 2 லென்ஸோடும், பின்னர் எஃப் 1.8 லென்ஸோடும் வந்தது. எரிக் சாலமன் என்ற பெர்லின்காரர் அதைக் கொண்டு மாநாட்டு அறைகளிலும் நீதிமன்றத்திலும், விளக்கு வெளிச்சத்திலேயே, அமைச்சர்களும் தூதர்களும் கொட்டாவி விடுவதையும் காதோடு காது பேசுவதையும் எடுத்தார். நீதிமன்றத்துக்குள் கேமராவைத் தொப்பியில் மறைத்துக்கொண்டு போனவர் அவர். நூறு ஆண்டு ஆகியும் தேவை மாறவில்லை: அகன்ற வாய், சிறிய உடம்பு.

எதை வாங்கலாம்?

சட்டைப்பை என்று சொல்லும்போதே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வெளிநாட்டு விமர்சகர்கள் ‘பைக்குள் அடங்கும்’ என்று எழுதுவது அவர்கள் ஊர்க் குளிர்ச்சட்டைப் பையை மனத்தில் வைத்து. நமக்கு அது சட்டைப் பை, சிலுவார் பை. பெண்களுக்கு இன்னும் சிக்கல். சேலைக்குப் பையே கிடையாது, பஞ்சாபி சூட்டுக்கு இருந்தால் அதிர்ஷ்டம். புஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை இருட்டுக்கு அருமையானது. 2024இல் வந்த எக்ஸ்100-6இல் எஃப் 2 லென்ஸும் ஏபிஎஸ்-சி சென்சாரும் இருப்பதால் நம் கணக்கில் 90ஐத் தாண்டும். ஆனால் எடை 521 கிராம், தடிமன் 5 சென்டிமீட்டருக்கு மேல். அதைச் சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். கைப்பையில் வைப்பவர்களுக்கு அது சரி. இந்தக் கட்டுரைக்கு அது வெளியாள்.

சரியாகப் பைக்குள் போவது ரிக்கோ ஜிஆர் வரிசை. 2019இல் வந்த ஜிஆர் 3, மின்கலத்தோடு 257 கிராம், தடிமன் 33 மில்லிமீட்டர், உள்ளே ஏபிஎஸ்-சி சென்சார். ஸூம் கிடையாது. 28 மில்லிமீட்டர் அளவுக்கு அகன்ற ஒரே பார்வை. லயத்து அடுப்பங்கரையில் பின்னால் நகர இடமிருக்காது. அங்கே இந்த அகலம் கைகொடுக்கும். கோவில் கூட்டத்துக்குள் ஆளோடு ஆளாக நிற்கும்போதும் அப்படியே. தள்ளி நின்று முகத்தை மட்டும் எடுக்க விரும்புகிறவர்களுக்கு 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் இருக்கிறது. அது 40 மில்லிமீட்டர் பார்வை. 2025இல் ஜிஆர் 4 வந்திருக்கிறது. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா தெருப்படங்களுக்குப் பயன்படுத்திப் புகழ்பெற்ற வரிசை இது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜிஆர் 3இல் ஃபிளாஷ் இல்லை (எனக்கு அது குறையாகப் படவில்லை). மின்கலம் 200 படத்தோடு படுத்துவிடும், கூடுதலாக ஒன்று கட்டாயம். கடும் இருட்டில் தானாகக் குவிப்பது தடுமாறும். அதற்கு மருந்து அதிலேயே இருக்கிறது. ‘ஸ்னாப் ஃபோகஸ்’ என்று தூரத்தை முன்கூட்டியே பூட்டி வைக்கலாம். ஜிஆர் 3இல் எஃப் 2.8 வைத்து, 2 மீட்டரில் பூட்டினால், ஏறக்குறைய 1.5 மீட்டரில் இருந்து 3 மீட்டர் வரை நிற்பவர்கள் தெளிவாக வருவார்கள். கேமரா தேடாது, பட்டனை அழுத்திய நொடியில் படம். ஒரு கூடத்துக்குள் நடக்கும் எதுவும் அந்த எல்லைக்குள்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஸூம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு அங்குலச் சென்சார் கேமராக்கள். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை 2012இல் தொடங்கியது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: பெயருக்குப் பின்னால் இருக்கும் எண் பெரியதானால் இருட்டுக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். 2014இல் வந்த மார்க் 3, 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை ஸூம் கொண்டது. லென்ஸ் எஃப் 1.8இல் தொடங்கி, முழுக்க நீட்டினாலும் எஃப் 2.8தான். 2019இல் வந்த மார்க் 7, 200 மில்லிமீட்டர் வரை நீளும். ஆனால் தொடக்கமே எஃப் 2.8. நம் கணக்கில் மார்க் 3க்கு 36, மார்க் 7க்கு 15. மார்க் 7 வேகமானது, புதியது, விலையும் கூடியது. பகலில் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கு அதை எடுக்கலாம். இரவுத் திருவிழாவுக்குப் பழையதே மேல். முதல் ஆர்எக்ஸ்100 அகலப் பார்வையில் எஃப் 1.8தான், ஆனால் ஸூமை நீட்டினால் எஃப் 4.9 ஆகிவிடும், விடை 36இல் இருந்து 5க்கு இறங்கும். அதை வாங்குகிறவர்கள் இரவில் ஸூமைத் தொடக் கூடாது.

கேனன் ஜி7எக்ஸ் மார்க் 2, மார்க் 3 இரண்டும் எஃப் 1.8 முதல் 2.8 வரை, 24 முதல் 100 மில்லிமீட்டர். இளையோர் மத்தியில் இவற்றுக்கு இப்போது பெரிய மவுசு, அதனால் பழையதும் விலை ஏறியிருக்கிறது. பானசோனிக் எல்எக்ஸ்100 இருட்டில் இவற்றைவிடச் சற்று மேல், ஆனால் 393 கிராம், பருமன் அதிகம். சிலுவார் பைக்குள் வைத்தால் புடைக்கும். புஜிஃபில்ம் எக்ஸ்எஃப்10, ஜிஆர் போலவே பெரிய சென்சார் கொண்டது. குவிப்பதில் மந்தம். பாட்டி சிரித்து முடித்த பிறகு படம் வரும்.

2000களில் வந்த பழைய ‘டிஜிகேம்’களைத் தேடிப் பிடிக்கும் மோகம் ஒன்றும் இருக்கிறது. அந்தப் படங்களின் அழகு ஃபிளாஷ் அடித்து எடுத்த அழகு. ஃபிளாஷை அணைத்துவிட்டால் அவற்றில் மிகப் பல இருட்டில் குருடு. அதுபோல, இணையச் சந்தையில் நூறு வெள்ளி சொச்சத்துக்கு ‘56 மெகாபிக்சல்’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் பெயர் தெரியாத கேமராக்களின் பக்கமே போக வேண்டாம்.

பழையதை வாங்குவது

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மேலே சொன்னவற்றில் புதிதாக ஒன்றை வாங்கப் போனால் அந்தச் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் போய்விடும். எனவே நம்மில் பலருக்கு வழி, கைமாறிய கேமராதான். என் இரண்டாவது கேமரா, ஆர்எக்ஸ்100 மார்க் 3, அப்படி வாங்கியதே.

நம் நாட்டு ஈரப்பதத்தில் முதல் எதிரி பூஞ்சை. கைப்பேசியின் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து தூசி. லென்ஸ் நீண்டு சுருங்கும் கேமராக்கள் காற்றை உள்ளிழுக்கும். தூசி சென்சாரில் போய் ஒட்டும், வீட்டில் துடைக்க முடியாது. லென்ஸ் வாயை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, ஒரு வெள்ளைச் சுவரை எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் பொட்டுகள் இருந்தால் அதுதான் தூசி. பத்து முறையாவது அணைத்து, திறந்து பாருங்கள். லென்ஸ் வெளியே வரும்போது முனகினாலோ தயங்கினாலோ அதன் ஆயுள் முடியப் போகிறது. மின்கலம் உப்பியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

கடைசிச் சோதனையைக் கடை வாசலில் செய்யக் கூடாது. என்னைப் போல் ஏமாறுவீர்கள். கடையின் இருட்டான மூலைக்குப் போய், நண்பரைப் பேசச் சொல்லி, ஃபிளாஷை அணைத்து, ஷட்டர் வேகத்தை 1/60இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டுப் பத்துப் படம் எடுங்கள். எத்தனையில் கண்கள் தெளிவாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஏழு எட்டு இருந்தால் தாராளமாக வாங்கலாம். மூன்று நான்கு என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை

கேமரா வந்தவுடன் அணைக்க வேண்டியவை அணைக்கப்பட வேண்டும். ‘பீப்’ ஒலி, குவிக்கும்போது எரியும் ஆரஞ்சு விளக்கு, எடுத்த படத்தைத் திரையில் காட்டும் அமைப்பு, ஃபிளாஷ் எல்லாம். இந்த வகைக் கேமராக்களின் உண்மையான ஷட்டர் ஒலி காதில் விழாத அளவு சிறியது. நாம் கேட்கும் ‘கிளிக்’ பெரும்பாலும் ஒலிபெருக்கியில் இருந்து வருவது. திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள். இருட்டு மண்டபத்தில் அதுவே டார்ச் மாதிரி தெரியும்.

ஒரு டியூப்லைட் எரியும் கூடத்தில் எஃப் 2.8, ஷட்டர் 1/60 என்றால் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 1600 வரும். எஃப் 1.8 லென்ஸ் என்றால் 650 போதும். குத்துவிளக்கு மட்டும் எரிந்தால் நான்கு மடங்கோ அதற்கு மேலோ கூட்ட வேண்டும். உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/60 சரி. காவடி ஆட்டத்துக்கு, ஓடும் பிள்ளைக்கு 1/125 அல்லது அதற்கு மேல். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறது என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். உண்மைதான், ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரில் இருப்பவர் அசைவதை அல்ல. எனவே தானியங்கி ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125, உச்ச ஐஎஸ்ஓ 6400 என்று வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். படத்தில் மணல் தூவியதுபோல் தெரிந்தால் கவலை வேண்டாம். 4ஆரில் கழுவும்போது அதில் பாதி கண்ணுக்கே தெரியாது. அசைந்து கலைந்த முகத்தைத்தான் பிறகு எதுவும் காப்பாற்றாது.

நம் மண்டபங்களில் ஒரு விசேஷத் தொல்லை உண்டு. இங்கே மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. ஓசையே இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். அப்போது சாதாரண ஷட்டருக்கு மாறுங்கள், அல்லது வேகத்தை 1/100 அல்லது 1/50 ஆக்குங்கள்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவின் மீட்டருக்கு நம் முகம் தெரியாது, மொத்தப் படத்தின் சராசரிதான் தெரியும். முகத்துக்குப் பின்னால் டியூப்லைட் இருந்தாலோ பக்கத்தில் நாலு பேர் வெள்ளை வேட்டியில் நின்றாலோ, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தைக் கறுக்க வைத்துவிடும். நம்மவர் முகம் நிழலாகிவிடும். அப்போது வெளிச்சத் திருத்தத்தைக் கூட்டல் 0.7 அல்லது 1க்குத் திருப்ப வேண்டும். இரவு வானத்தின் கீழ், பந்தல் விளக்கில் ஒரே ஒருவர் நின்றால் நேர் எதிர்: கறுப்பைக் கண்டு மிரண்டு முகத்தை வெளுத்துக் கொட்டும். கழித்தல் 0.7 வையுங்கள். இந்த ஒரு திருகலைப் பழகிக்கொண்டால், ‘என் படம் மட்டும் ஏன் இப்படிக் கறுப்பா வருது’ என்று எந்தப் பெண்ணும் வருந்த வேண்டியதில்லை. கறுப்பு கறுப்பாகவே, ஒளியோடு வரும்.

கேட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா?

கேட்டால் இயல்பு போய்விடும், கேட்காவிட்டால் மரியாதை போய்விடும். எனக்கு நிம்மதியான வழி, எடுத்த பிறகு காட்டுவது. திரையில் காட்டுவேன், வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுவேன். மூலஸ்தானத்தைப் பல ஆலயங்களில் எடுக்க விடுவதில்லை, நிர்வாகத்திடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. அருள் வந்து ஆடுகிறவர் தன்னை மறந்த நிலையில் இருக்கிறார். அவர் குடும்பத்தார் தலையசைக்காமல் நான் எடுப்பதில்லை. இழவு வீட்டில் உடலுக்கு அருகே கேமராவை எடுப்பதே இல்லை. ஆனால் வெளியே, பந்தலில், நடுநிசிக்கு மேல் சாயம் போன பிளாஸ்டிக் நாற்காலிகளில் காப்பிக் குவளையோடு உட்கார்ந்து இறந்தவரைப் பற்றிப் பேசும் பெரியவர்களை எடுத்திருக்கிறேன். அந்த வீட்டார் பிறகு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கேமராவைத் துணிப்பையில் சுற்றி அலமாரியில் போடாதீர்கள், மூன்றே மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசி டப்பாவில் வைக்கச் சொல்லும் அனுபவசாலிகள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அரிசித் தூள் லென்ஸுக்குள் போனால் அவர்கள் வந்து துடைத்துத் தர மாட்டார்கள். அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் நல்ல மருந்து.

படங்களைக் கழுவியும் வையுங்கள். மார்க் 3 வாங்கிய இரண்டாம் வாரம், பாட்டி வீட்டு அடுப்பங்கரையில், ஒரே ஒரு விளக்கு வெளிச்சத்தில் அவரை எடுத்தேன். அவர் தன் கங்காணியை நக்கல் செய்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். எஃப் 1.8, 1/80, ஐஎஸ்ஓ 2500. பதினோரு படத்தில் ஒன்றில் எல்லாம் சேர்ந்து அமைந்தது: வெற்றிலைச் சிவப்பு, மூடிய கண், பாதி தூக்கிய கை. 4ஆரில் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பல்லெல்லாம் தெரியுதே” என்றார். அடையாள அட்டை வைக்கும் பிஸ்கட் டின்னில் அதைப் போட்டு மூடினார்.

அடுத்த வாரம் நான் போனபோது நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, வாசலில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். இந்த முறை சொல்லிவிட்டு எடுக்க வேண்டுமாம். வெயில் நன்றாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.